அமேசான் மேல் விழுந்த பழி

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரை ஒட்டி நார்த் ராண்டால் என்று ஒரு சின்ன ஊர். சுமார் ஆயிரம் பேர்தான். அங்கே 1976-இல் ராண்டால் பார்க் மால் திறந்தார்கள். 20 லட்சம் சதுர அடிக்கு மேல். உலகிலேயே பெரியது என்று விளம்பரம். 2009-இல் மூடி, பிறகு இடித்துவிட்டார்கள். இன்று அதே மனையில் அமேசான் கிடங்கு நிற்கிறது.

கதையை இப்படிச் சொன்னால் ஆன்லைன் வியாபாரம்தான் அதை விழுங்கியது என்று யாருக்கும் தோன்றும். வருஷங்களைப் பார்த்தால் ஒத்துவரவில்லை. 2008-இல்கூட அமெரிக்கச் சில்லறை வியாபாரத்தில் இணையத்தின் பங்கு 4 விழுக்காட்டைத் தொடவில்லை. ஜே.சி. பென்னி கடையோ 2001-லேயே ராண்டால் பார்க்கைக் காலி செய்துவிட்டது.

அப்படியானால் கோளாறு எங்கே? மாலின் வாடகைக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஒவ்வொரு மாலிலும் சில பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் இருக்கும். ராண்டால் பார்க்கில் ஐந்து. தொழிலில் இவற்றை ‘ஆங்கர்’ கடை என்பார்கள். நம்மூர்க் கோயில் வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். சனம் வருவது சாமி கும்பிட. வந்த இடத்தில் வளையலும் பொரியும் வாங்குகிறது. சாமியிடம் யாரும் வாடகை கேட்பதில்லை. பெரிய கடையும் அப்படித்தான். அதற்குப் பெயருக்கு ஒரு வாடகை. பல இடங்களில் கட்டடமே அதற்குச் சொந்தம். செருப்புக்கடையும் நகைக்கடையும்தான் சதுர அடிக்குப் பல மடங்கு கொடுக்கின்றன.

பெரிய கடை போனால் கூட்டம் குறையும்; அது நமக்கே தெரியும். வெளியே தெரியாதது ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. பெரிய கடை மூடினால் எங்கள் வாடகையைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்களும் கிளம்புவோம் என்று சின்னக் கடைக்காரர்கள் பலர் முன்கூட்டியே எழுதி வாங்கியிருப்பார்கள். ஆகவே ஒரு பூட்டு விழுந்ததும் வருமானம் மெல்லச் சரியாது, பொத்தென்று விழும். பராமரிக்கக் காசிருக்காது. ஒழுகும் கூரையின் கீழ் புதிய பெரிய கடை எது வரும்?

சரி, முதல் பூட்டு ஏன் விழுந்தது? ஆள் பெருகாத வட்டாரத்தில் மால்கள் மட்டும் பெருகின. 1950-இல் 9 லட்சத்தைத் தாண்டியிருந்த கிளீவ்லாந்து மக்கள்தொகை 1980-இல் 6 லட்சத்துக்கும் கீழே. புறநகருக்குப் போனவர்களை நம்பித்தான் ராண்டால் பார்க் எழுந்தது. இரண்டே வருஷத்தில், 1978-இல், வசதியானவர்கள் வாழும் பீச்வுட்டில் இன்னொரு மால் வந்துவிட்டது. இருப்பவர்களையே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

மால் கட்டும் இந்த வெறிக்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். புதுக் கட்டடத்தின் மதிப்பு முதல் சில வருஷங்களிலேயே மளமளவென்று தேய்ந்துவிடுவதாகக் கணக்கு எழுத 1954-இல் அனுமதித்தார்கள். காகிதத்தில் நஷ்டம், கையில் வரிச் சேமிப்பு. பழையதைப் பழுதுபார்ப்பதைவிடப் புதியதைக் கட்டுவது லாபமாகிவிட்டது. பின்னால் சலுகை குறைந்தாலும் கட்டும் பழக்கம் நிற்கவில்லை.

அமேசான் கிடங்கு திறந்தது 2018-இல். பெரிய மனை, பக்கத்திலேயே நெடுஞ்சாலை. மால் கட்டியவர்கள் அந்த இடத்தைப் பிடித்ததும் அதற்காகத்தான்.