வகுப்பறையில் திக்கிப் பேசும் இளையோர்: ஒரு விளக்கம்

முன்னுரை

பேச்சொலி பிறக்கும் முறையைத் தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகிறது என்பது அதன் கருத்து. இவ்வுறுப்புகள் குறைவின்றி அமைந்த ஒருவருக்கும் பேச்சு இடையில் தடைபடக்கூடும். தமிழில் திக்குவாய், தெற்றுவாய் என வழங்கும் இந்நிலையோடு இளையோர் வாழப் பழகும் முறையையும், அதில் ஆசிரியரின் பங்கையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திக்கலின் இயல்பு

ஒலியையோ அசையையோ மீண்டும் மீண்டும் ஒலித்தல், ஒலியை நீட்டுதல், ஒலி எழாமல் அடைபடுதல் என மூவகையில் திக்கல் வெளிப்படும். குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரிடம் இது தோன்றுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் மீண்டுவிடுகின்றனர். வளர்ந்தோரில் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரிடம் நிலைத்துவிடுகிறது. அவர்களுள் ஆண்களே மிகுதி. அச்சமும் வளர்ப்புக் குறையுமே இதற்குக் காரணம் என்பது பொதுவான நம்பிக்கை. எனினும், திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்களை டென்னிஸ் டிரேனா குழுவினர் 2010இல் வெளியிட்டனர். அச்சம் திக்கலை மிகுவிக்கலாம். ஆனால் அதுவே மூலகாரணம் அன்று.

சொல் தவிர்த்தல்

ஜோசப் ஷீஹன் திக்கலைக் கடலில் மிதக்கும் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார். காதில் விழும் திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறுபகுதி. நாணமும் அச்சமும் தவிர்ப்பும் கீழே மறைந்துள்ள பெரும்பகுதி. திக்கிப் பேசுவோர் தடைபடும் எனத் தோன்றும் சொல்லை விடுத்து வேறு சொல்லைத் தேர்வர். ஒருபொருட் பன்மொழி மிகுந்த தமிழில் இது எளிது. ஆனால் தம் பெயருக்கும் ஊர்ப் பெயருக்கும் மாற்றுச்சொல் இல்லை. திருநெல்வேலியில் பேருந்தேறும் மாணவர் ஒருவர் நடத்துநரிடம் ‘சங்கரன்கோவில்’ எனச் சொல்லியே ஆகவேண்டும். சொல்முதற் சகரம் பேச்சில் உரசொலியாக வருவதால் நீட்டலுக்கு இடந்தரும். ககரம், பகரம் போன்ற வெடிப்பொலிகளை அவ்வாறு நீட்ட இயலாமையால் அங்கு அடைப்போ மீளொலிப்போ நேரும். தவிர்ப்பு வெற்றிபெறும்தோறும் அச்சம் வலுப்பெறுகிறது. விடை தெரிந்தும் ‘தெரியாது’ என்று அமர்ந்துவிடும் மாணவர் இவ்வழியே உருவாகிறார்.

கையாளும் முறைகள்

திக்கலை அறவே ஒழிப்பதைவிட, தவிர்க்காமல் பேசுவதே பயனுடைய இலக்கு என்பது தாமும் திக்கிப் பேசிய சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த நெறியின் உட்கிடை. திக்கிய சொல்லை முடித்தபின் சற்று நிறுத்தி, அதனையே இறுக்கமின்றி மீண்டும் சொல்லுதல் முதல் படி. திக்கும்போதே இறுக்கத்தைத் தளர்த்தி வெளிவருதல் இரண்டாம் படி. திக்கும் என உணர்ந்த சொல்லை மெல்லத் தொடங்குதல் மூன்றாம் படி. ‘நான் திக்கிப் பேசுவேன்’ என முன்கூட்டியே அறிவித்துவிடுவது, மறைக்கும் சுமையைக் குறைக்கிறது. இந்தியாவில் 2008இல் தோன்றிய இந்தியத் திக்குவாயர் சங்கம் இத்தகைய ஏற்பு நோக்கையும் தன்னுதவிக் குழுக்களையும் முன்னெடுத்துவருகிறது.

ஆசிரியரின் பங்கு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை உள்ளடக்கியுள்ளது. ஆயினும் அதன் வரையறை, உடலுறுப்பு அல்லது நரம்பியல் காரணங்களால் ஏற்படும் நிலையான குறைபாட்டையே சுட்டுகிறது. குரல்வளை நீக்கம், பேச்சிழப்பு ஆகியன அதில் எடுத்துக்காட்டுகளாகக் கூறப்பட்டுள்ளன. வளர்ச்சிப் பருவத் திக்கல் அதில் வெளிப்படையாகப் பெயர் பெறவில்லை. எனவே வாய்மொழித் தேர்விலும் கருத்தரங்க உரையிலும் கூடுதல் நேரம் வழங்குவது பெரிதும் ஆசிரியரின் முடிவைச் சார்ந்ததாகிறது.

கூட்டாகச் செய்யுள் ஓதும்போது திக்காத மாணவர் தனித்து விடைகூறும்போது திக்குவது நடிப்பன்று. கூட்டொலிப்பிலும் பாடலிலும் திக்கல் பெரிதும் குறைவது நன்கறியப்பட்ட ஒன்று. மாணவர் தொடங்கிய சொல்லை ஆசிரியர் தாமே முடித்துவைப்பதும், ‘மெதுவாகப் பேசு’ என்பதும் நல்லெண்ணத்தில் எழுபவை. எனினும் மாணவரின் இறுக்கத்தை மிகுவிப்பவை. வருகைப்பதிவு வரிசைப்படி வினவினால், தம் முறை நெருங்க நெருங்கப் பதற்றம் பெருகும். பேச்சை முற்றிலும் விலக்கி எழுத்தை மட்டும் ஏற்பதும் தீர்வாகாது. அது தவிர்ப்பையே நிலைபெறச் செய்யும். பேசும் வரிசையை மாணவரோடு தனியே கலந்து முடிவுசெய்தல், இயல்பாக முகம் நோக்கிக் காத்திருத்தல், சரளத்திற்கன்றிக் கருத்துக்கு மதிப்பெண் வழங்குதல் ஆகியன ஏற்புடையன.

முடிவுரை

திக்கல் அறிவின் குறையன்று. பேச்சு வெளிப்படும் முறையில் உள்ள வேறுபாடு. தடையின்றிப் பேசுவதே மொழித்திறன் எனக் கொள்ளும் மதிப்பீடு, திக்கிப் பேசும் மாணவரின் புலமையை அளக்கத் தவறுகிறது. இளையோர் திக்கலோடு வாழப் பழகுவதற்கு, கேட்போர் காத்திருக்கப் பழகுவதும் இன்றியமையாதது.