ஸ்கேன் படம் மட்டும் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் இன்று நம்மில் யாரும் இருக்க மாட்டோம். தலைவலி என்று போனாலும் சரி, முதுகுவலி என்று போனாலும் சரி, "எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்" என்கிறார்கள். ஆனால் அந்தக் கருவி உள்ளே என்னதான் செய்கிறது என்று கேட்டால், "காந்தத்தை வைத்துப் படம் எடுக்கிறது" என்பதோடு நிறுத்திக் கொள்கிறோம். நாம் வகுப்பில் படிக்கும் ரேடியோ அலை, பேண்ட் வித், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அந்தப் பெரிய வளையத்துக்குள் வேலை செய்கின்றன. அதிலும், அந்தக் கருவியால் நேராகப் பார்க்கவே முடியாத ஒன்றைச் சுற்றி வளைத்து அளந்து விடும் வித்தை ஒன்று உண்டு. அதன் பெயர் குவான்டிடேட்டிவ் மேக்னடைசேஷன் டிரான்ஸ்ஃபர். தமிழில் 'காந்தமாக்கப் பரிமாற்ற அளவீடு' எனலாம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலாண்டு பிசிக்ஸும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

தண்ணீர் பேசுகிறது

நம் உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் உட்கரு ஒரே ஒரு புரோட்டான். ஒவ்வொரு புரோட்டானும் ஒரு குட்டிக் காந்தம். ஆஸ்பத்திரிகளில் அதிகம் காணப்படும் ஸ்கேன் கருவியின் காந்தப் புலம் 1.5 டெஸ்லா. இது பூமியின் காந்தப் புலத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு! அதற்குள் போனதும், சுற்றும் பம்பரம் தலையாட்டுவது போல் புரோட்டான்கள் தலையாட்டுகின்றன. ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகா ஹெர்ட்ஸ் வீதம், 1.5 டெஸ்லாவில் சுமார் 64 மெகா ஹெர்ட்ஸ். நம் எஃப்.எம். வானொலி தொடங்கும் 88 மெகா ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான்.

இதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் புரோட்டான்கள் அதை உறிஞ்சிக் கொள்ளும். அலையை நிறுத்தியதும் திருப்பிக் குரல் கொடுக்கும். அந்தக் குரலைச் சுருள் ஆன்டெனா பிடிக்கிறது. இந்த ஒத்ததிர்வை 1946-இல் ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 1952-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1973-இல் பால் லாட்டர்பர் அதிலிருந்து படம் வரைந்து காட்டினார். அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பேசாத புரோட்டான்கள்

இங்கேதான் சிக்கல். மூளையில் உள்ள புரோட்டான்கள் எல்லாம் தண்ணீரில் இல்லை. கொழுப்பு, புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளிலும் உண்டு. அவற்றில் முக்கியமானது மையலின். மின் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அதுபோல நரம்பு இழையின் மேலே சுற்றப்பட்டிருக்கும் உறை இது. உறை கெட்டால் சிக்னல் ஒழுங்காகப் போகாது. மல்ட்டிபிள் ஸ்க்லரோசிஸ் என்ற நோயில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே இந்த உறையைத் தாக்கி அழிக்கிறது. பார்வை மங்கும், கால் தடுமாறும், கை மரத்துப் போகும். இளம் வயதிலேயே பலரைப் பிடிக்கும் நோய் இது.

சரி, ஸ்கேன் எடுத்து உறை எவ்வளவு மிச்சம் என்று பார்த்து விடலாமே என்று தோன்றும். முடியாது! தண்ணீரில் உள்ள புரோட்டானின் குரல் பல பத்து மில்லி வினாடிகள் ஒலிக்கிறது. மையலினின் கொழுப்பிலும் புரதத்திலும் கட்டுண்டு கிடக்கும் புரோட்டானின் குரல் சுமார் 10 மைக்ரோ வினாடியில் அடங்கி விடுகிறது. சாதாரண ஸ்கேனில் ரிசீவர் கேட்கத் தொடங்குவதற்குள்ளேயே அது ஊமையாகி விடும். படத்தில் வெள்ளைத் திட்டு தெரியும், உண்மைதான். ஆனால் அந்த வெள்ளை வெறும் வீக்கமாகவும் இருக்கலாம், அழற்சியாகவும் இருக்கலாம், உறையே போன இடமாகவும் இருக்கலாம். எல்லாம் ஒரே வெள்ளை.

டிரான்ஸ்ஃபார்மர் தந்திரம்

நம் பாடத்தில் ஒரு விதி உண்டு: சீக்கிரம் அடங்கும் சிக்னலுக்குப் பேண்ட் வித் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 மில்லி வினாடி ஒலிக்கும் தண்ணீருக்குச் சுமார் 4 ஹெர்ட்ஸ் அகலம் வரும். 10 மைக்ரோ வினாடியில் அடங்கும் கட்டுண்ட புரோட்டானுக்குச் சுமார் 30 கிலோ ஹெர்ட்ஸ் வரும்!

ஆகவே, தண்ணீரின் அதிர்வெண்ணிலிருந்து ஒரு சில கிலோ ஹெர்ட்ஸ் தள்ளி ரேடியோ அலையைச் செலுத்தினால் என்ன ஆகும்? தண்ணீர் அதை ஏறக்குறையக் கண்டுகொள்ளாது. கட்டுண்ட புரோட்டான்கள் மட்டும் உறிஞ்சித் தங்கள் காந்தமாக்கத்தை இழக்கும். அந்த இழப்பு பக்கத்திலேயே உரசிக் கொண்டிருக்கும் தண்ணீருக்கும் தொற்றிக் கொள்கிறது. பிறகு தண்ணீரின் குரலைக் கேட்டால் அது குறைந்திருக்கும். இதுதான் காந்தமாக்கப் பரிமாற்றம், சுருக்கமாக எம்.டி.

எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் லோடு ஏற்றினால் பிரைமரியின் கரண்ட் மாறுகிறது அல்லவா? செகண்டரிப் பக்கம் மீட்டரை வைக்காமலே அங்கே என்ன லோடு இருக்கிறது என்று பிரைமரியிலிருந்து சொல்லி விடலாம். இங்கே பிரைமரி தண்ணீர். செகண்டரி அந்த ஊமைப் புரோட்டான்கள்.

புரோட்டான்கள் இடம் மாறுவதை இப்படி அளக்கலாம் என்று சுவீடனைச் சேர்ந்த ஃபோர்சென், ஹாஃப்மன் இருவரும் 1963-லேயே வேதியியலில் காட்டி விட்டார்கள். அதை உயிருள்ள திசுவின் எம்.ஆர்.ஐ. படத்துக்குக் கொண்டு வந்தவர்கள் அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த உல்ஃப், பாலபன் என்ற இருவர். ஆண்டு 1989.

விகிதம் வந்தது, வம்பும் வந்தது

முதலில் செய்த கணக்கு எளிது. அந்தத் தள்ளி வைத்த அலை இல்லாமல் ஒரு படம், அதோடு ஒரு படம். முதல் படத்தில் ஓர் இடத்தின் சிக்னல் 1000, இரண்டாவதில் 600 என்று வைத்துக் கொள்வோம். குறைந்தது 400, அதாவது 40 சதவீதம். இதற்கு எம்.டி.ஆர். என்று பெயர். உறை போன இடத்தில் இந்த விகிதம் இறங்கும். 2004-இல் லண்டனில் மல்ட்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயாளிகளின் மூளைகளை, அவர்கள் இறந்த பிறகு ஆராய்ந்து, மையலின் குறைந்த இடத்தில் எம்.டி.ஆர். குறைவாக இருப்பதை நுண்ணோக்கியோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

ஆனால் ஒரு வம்பு. இந்த 40 என்ற எண் மையலினை மட்டும் பொறுத்ததல்ல. எவ்வளவு பவரில் அலையைச் செலுத்தினோம், எத்தனை கிலோ ஹெர்ட்ஸ் தள்ளிச் செலுத்தினோம், தண்ணீரின் சொந்தக் குணம் என்ன, எல்லாம் அதில் கலந்திருக்கிறது. ஓர் ஊர்க் கருவியில் 40 வந்தவருக்கு வேறு ஊரில் 34 வரலாம். ஆறு மாதம் கழித்து எண் இறங்கினால் நோய் கூடியதா, கருவி மாறியதா?

எங்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான் முதல். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார். இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக் கொண்டிருந்தேன். சொன்னதும் அவரே எனக்குப் பாடம் எடுத்து விட்டார். "அந்தக் காலத்துல நெல்லைப் பல்லுல கடிச்சே ஈரம் சொல்லிடுவாங்க. இப்ப மீட்டர் வந்துருச்சு. ஆனா ஒரு மீட்டர் பதினேழுங்கும், பக்கத்துக் கடை மீட்டர் பத்தொம்பதுங்கும். ரெண்டு மீட்டர் ரெண்டு பேச்சுப் பேசுனா விவசாயி எதை நம்புவான்?" என்றார். ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டு யோசித்த கேள்வியும் இதேதான்!

கடல்பாசி சொன்ன விடை

நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சி உறைய வைப்பார்களே, அதுதான் ஆய்வகங்களில் அகர். பெரும்பங்கு தண்ணீர், கொஞ்சமே கொஞ்சம் திடப்பொருள். 1993-இல் கனடாவின் டொராண்டோவில் ஹெங்கல்மன் குழுவினர் இந்த அகரை வைத்து எம்.டி.யை முழுக் கணக்காக்கினார்கள். இரண்டு தொட்டிகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று சுதந்திரத் தண்ணீர், இன்னொன்று கட்டுண்ட புரோட்டான்கள். இடையே ஒரு குழாய். தெரிய வேண்டியவை: இரண்டாம் தொட்டி எவ்வளவு பெரிது, குழாயில் பாயும் வேகம் என்ன, ஒவ்வொரு தொட்டியும் எவ்வளவு நேரத்தில் அடங்கும்.

கணக்குப் பாடத்தில் என்ன படித்தோம்? தெரியாதவை ஐந்து என்றால் குறைந்தது ஐந்து சமன்பாடு வேண்டும். ஆகவே ஒரு படத்தோடு விட முடியாது. பவரை மாற்றி, தள்ளும் அதிர்வெண்ணை மாற்றி, பல படங்கள் எடுக்க வேண்டும். கருவியின் காந்தப் புலம் எங்கே கோணியிருக்கிறது, ரேடியோ பவர் எங்கே கூடக் குறைய இருக்கிறது என்று தனி வரைபடமும் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சமன்பாட்டில் போட்டால், கருவியின் குணம் கழிந்து திசுவின் குணம் நிற்கும். 2001-இல் மாண்ட்ரியலில் ஸ்லெட், பைக் இருவரும் உயிருள்ள மனித மூளையிலேயே இப்படி வரைபடம் எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். மூளையின் வெண்பொருளில் கட்டுண்ட புரோட்டான்களின் பங்கு ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம் வருகிறது. சாம்பல் பொருளில் ஏறத்தாழ அதில் பாதி. மையலின் அதிகமுள்ள இடம் வெண்பொருள்தான் என்பதால் இது பொருந்துகிறது.

குறையும் உண்டு

இதனால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். கட்டுண்ட புரோட்டான் எல்லாமே மையலின் அல்ல. மற்ற புரதங்களும் சேர்ந்தே எண்ணப்படுகின்றன. வீக்கத்தால் தண்ணீர் கூடினாலும் பங்கு இறங்கும். பால் அதே பால்தான், தண்ணீர் சேர்ந்தால் சதவீதம் குறைவது போல. ரேடியோ பவரை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது, உடம்பு சூடாகும். சாதாரண முறையில் முழு உடம்புக்குக் கிலோவுக்கு 2 வாட், தலைக்கு 3.2 வாட் என்பது வரம்பு. பல படங்கள் எடுப்பதால் நேரமும் ஆகும். நோயாளி அதுவரை ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். அதனால் இது இன்றும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடத்து முறையாகவே இருக்கிறது. சாதாரண எம்.டி. அலை மட்டும், மூளையின் ரத்தக் குழாய்ப் படத்தில் பின்னணியை மங்கச் செய்ய ஆஸ்பத்திரிகளில் பயன்படுகிறது.

நமக்கு என்ன?

அழிந்த உறையைத் திரும்ப வளர்க்கும் மருந்துகளைத் தேடி இன்று உலகில் பல இடங்களில் உழைக்கிறார்கள். ஒரு மருந்து கொடுத்து ஓராண்டு கழித்து, உறை வளர்ந்ததா இல்லையா என்று தலையைத் திறக்காமல் சொல்ல வேண்டும். "கொஞ்சம் வெளுப்பு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றால் போதுமா? முன்பு 7 சதவீதம், இப்போது 9 என்று சொல்ல வேண்டும். அந்த எண் எந்த ஊரில் அளந்தாலும் மாறக் கூடாது. இல்லையென்றால் நல்ல மருந்தைக் கெட்டது என்று தள்ளி விடலாம். வேலை செய்யாத மருந்தை ஆண்டுக் கணக்கில் ஒருவருக்குக் கொடுத்துக் கொண்டும் இருக்கலாம்.

நண்பர்களே! சமன்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் பெரிய பெரிய விஞ்ஞானிகள். ஆனால் அந்த எண் நம்பத் தக்கதாக இருப்பது, தண்ணீர் நிரப்பிய சோதனைப் பொருளைக் கருவிக்குள் வைத்து, பவர் சரியா, அதிர்வெண் சரியா என்று சலிக்காமல் சரிபார்க்கும் கைகளால்தான். அந்தக் கைகள் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுடையதாகவும் இருக்கும். லேப் ரெக்கார்டில் "மீட்டர் பிழை" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, இனி அதைப் பக்கத்து நோட்டைப் பார்த்து நிரப்பாமல் நாமே அளந்து எழுதுவோம். அளவு பொய் சொன்னால் பாதிக்கப்படுவது, நாம் முகமே பார்த்திராத ஒரு நோயாளி.

வாழ்க வளர்க!