இலவச விளையாட்டில் விலை எங்கே?

தஞ்சோங் டாவாய் வட்டாரத் தோட்டங்களிலும் இன்று பிள்ளைகளின் கையில் கைத்தொலைபேசியைக் காண்கிறோம். அதில் ஆடப்படும் கார்ப் பந்தயங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேம்லாஃப்ட் நிறுவனத்தின் 'அஸ்ஃபால்ட் 9' 2018இல் கைத்தொலைபேசிக்கு வந்தது. 2019இல் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கும் வந்தது. இரண்டிலும் இலவசமே.

அவ்வாறாயின் நிறுவனத்திற்கு வருவாய் ஏது? புதிய காரைப் பெற, அதற்குரிய சீட்டுகளைச் சேர்க்கவேண்டும். அவை சிறுகச் சிறுகவே கிடைக்கும். எரிபொருள் தீர்ந்தால் கார் ஓடாது, காத்திருக்கவேண்டும். பொறுமை இழந்தவர் பணம் கொடுத்துச் சீட்டுக்கட்டு வாங்குவர். அதனுள் வேண்டிய சீட்டு இருப்பதோ அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

பெற்றோர்களே! பணம் செலுத்துமுன் கடவுச்சொல் கேட்குமாறு கருவியை அமைத்திடுங்கள். அச்சொல்லைப் பிள்ளைகளிடம் கூறாதீர்கள். பிள்ளைகள் ஆடட்டும், விடியலில் பால்வெட்டி ஈட்டிய காசு வீணாகாதிருக்கட்டும்.