சாங்தாங் மேட்டுநிலம்: வெறுநிலமா, மேய்நிலமா?

உழவர் கண்கொண்டு நோக்குவார்க்கு உழப்படாத நிலமெல்லாம் வெறுநிலமாகவே தோன்றும். வன்னியில் வாழும் நாம் இதனை நன்கறிவோம். காலபோக விதைப்புத் தொடங்கியதும் பட்டி மாடுகளை வயற்புறத்தினின்று அகற்றித் தரவைக்கும் காட்டோரத்துக்கும் சாய்த்துச் செல்வதும், அறுவடை முடிந்தபின் அரிதாள் மேயத் திருப்பிக் கொணர்வதும் இங்கு வழிவழி வந்த முறையாகும். எனினும் அத்தரவையைத் தரிசு என்று ஏட்டில் எழுதிவிடுதல் எளிது. இவ்வாறு தோற்றத்தில் வெறுமையும் உண்மையில் நிறைவும் உடைய பெருநிலம் ஒன்றனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். அது இந்தியாவின் வடவெல்லையில், லடாக்கின் தென்கிழக்கே அமைந்த சாங்தாங் ஆகும்.

திபெத்திய மொழியில் இப்பெயருக்கு வடக்கு வெளி என்பது பொருள். இவ்வெளியின் பெரும்பகுதி திபெத்தில் உள்ளது. மேற்கு நுனியே லடாக்கைச் சேர்ந்தது. இங்குள்ள சோ மோரிரி ஏரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. நம் நாட்டின் மிகவுயர்ந்த பீதுருதாலகாலை மலையோ 2,524 மீட்டரே. அம்மலையுச்சிக்கும் மேலாக ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் மக்கள் ஆடு மேய்த்து வாழ்கின்றனர் என்பதை மாணவர் மனத்திற் கொள்க. அங்குக் காற்றழுத்தம் கடல் மட்டத்து அழுத்தத்தில் 5இல் 3 பங்கினும் சற்றுக் குறைவு. எனவே அங்குச் செல்வோர் முதலில் 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரிற் சில நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்ளல் வேண்டும். பருவக்காற்றின் மழையை இமயம் தடுத்துவிடுதலால் மரம் இல்லை. நீரோடைகளின் ஓரத்தே ஈரப் புற்றரைகளும் ஏனைய இடங்களிற் குறும்புதர்களுமே உண்டு. மாரியில் குளிர் சுழியத்துக்குக் கீழ் 30 பாகைக்கும் இறங்கும்.

உயரத்தால் குறிஞ்சியையும் வறட்சியாற் பாலையையும் ஒக்கும் இந்நிலம், தொழிலால் முல்லையாகும். இங்கு வாழும் சாங்பா மக்கள் திபெத்திய மொழி வழக்கும் பௌத்த நெறியும் உடையோர். ஆடு, செம்மறி, யாக், குதிரை என்பன அவர்தம் செல்வம். யாக்கின் மயிரால் நெய்த ரெபோ என்னும் கூடாரம் அவர்தம் மனை. விறகின்மையால் உலர்ந்த சாணமே எரிபொருள். ஆண்டிற் பலமுறை இடம்பெயரும் இவர்களை நாடோடிகள் என்கின்றோம். ஆயின் அது மனம்போன போக்கிற் செல்லும் அலைச்சலன்று. எந்த மேய்நிலத்தை எப்பொழுது திறப்பது, எதனை மாரிக்கென ஒதுக்குவது என்பவற்றை ஊர்த்தலைவர் முறைப்படுத்துவர். ஓரிடத்துப் புல் வேரோடு அழியுமுன் அவ்விடத்தை விட்டகலுதலே அம்முறையின் உயிர்.

கடுங்குளிரே இவர்க்கு வாழ்வளிப்பதும் ஆகும். குளிரைத் தாங்குதற்பொருட்டு ஆட்டின் புறமயிரின்கீழ் மிக நுண்ணிய அடிமயிர் வளர்கின்றது. குளிர் நீங்கும் காலத்தில் அதனைச் சீவி எடுப்பர். அதுவே காசுமீரத்தில் பசுமினாச் சால்வையாகின்றது. 1684ஆம் ஆண்டின் திங்மோசுகாங் உடன்படிக்கை இம்மயிர் வாணிகத்துக்கு விதி வகுத்தது என்பதினின்றும் அதன் பெறுமதியை உணரலாம்.

மந்தைகளோடு காட்டுயிர்களும் இப்புல்லையே உண்கின்றன. கியாங் என்னும் பெருங்காட்டுக் கழுதை கூட்டங்கூட்டமாய்த் திரிகின்றது. ஓநாயும் பனிச்சிறுத்தையும் உண்டு. கருங்கழுத்துக் கொக்கு ஈரநிலங்களிற் கூடமைக்கின்றது. சோ மோரிரி 2002இலும் சோ கார் 2020இலும் ராம்சார் ஈரநிலங்களாக ஏற்கப்பட்டன.

இத்துணைச் செவ்விய ஒழுங்கு இன்று தளர்ந்து வருவதேன்? 1959க்குப் பின் திபெத்திய ஏதிலியர் சிலர் தம் மந்தைகளோடு இங்குக் குடியேறினர். 1962இல் நிகழ்ந்த இந்திய-சீனப் போரின் பின் எல்லைப்புற மேய்நிலங்கள் சில கைவிட்டுப் போயின. 2020இல் எழுந்த எல்லைப் பூசலும் மேய்ப்பரைத் தடுத்தது. புல் சுருங்க மந்தை நெருங்கிற்று. நெருங்கவே முன்னர் உடன்வாழ்ந்த கியாங் இப்பொழுது புல்லைக் கவரும் பகையாகத் தோன்றுகின்றது. காரணம் விலங்கன்று, அடைபட்ட வழியே. கல்வியும் மருத்துவமும் வேண்டி, கர்ணாக் பகுதியார் பலர் லே நகரின் அருகே குடியேறினர். 2023 அக்டோபரில் இந்திய அரசு, லடாக்கில் 13 கிகாவாட் புத்தாக்க மின்திட்டத்துக்கான மின்செலுத்தல் அமைப்புக்கு ஒப்புதல் அளித்தது. அதற்குக் கருதப்பட்ட பாங் சமவெளி சாங்தாங்கின் மேய்நிலமே. மின்சாரம் வேண்டாவென்பார் எவருமிலர். வெற்றுவெளி என்று கணக்கிடுமுன் அங்கு எவர் எப்பருவத்தில் வருவர் என்று வினவுதல் வேண்டும் என்பதே ஈண்டு வற்புறுத்துவது. ஆண்டில் இரு திங்களே மந்தை தங்கும் நிலமும், அவ்விரு திங்களும் இல்லையேல் மந்தையே இல்லை என்னும் நிலையில், வெறுநிலமாகாது.

சாங்தாங் ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பறவைகளுள் வரித்தலை வாத்தும் ஒன்று. இமயத்தைக் கடந்து பறக்கவல்ல அவ்வினம் மாரிகாலத்தே திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வருகின்றது. அதற்கு மேட்டுநிலத்து ஏரியும் வேண்டும். தமிழ்நாட்டுக் குளமும் வேண்டும். ஒன்றிருந்து மற்றது அழியின் பறவை இல்லை. மேய்ப்பர் வாழ்வும் அத்தகையதே. வன்னியில் நம் மாணவர் ஒரு தரவையைக் கடக்கும்பொழுது, இது யாருடைய எந்தப் பருவத்து நிலம் என்று ஒருகணம் எண்ணுவாராயின், தொலைதூரச் சாங்தாங்கை அறிந்ததன் பயன் அதுவே.