பிள்ளைப்பூச்சியில் ஒரு புதிய இனம்: பாட்டினால் அறியப்பட்ட கதை

பிள்ளைப்பூச்சியை அறியாத கமக்காரர் எம்மிடையே இல்லை. நாற்றுமேடைக்குத் தண்ணீர் விடும்போது மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வரும் கபில நிறப் பூச்சி அது. கையில் பொத்திப் பிடித்தால் விரல்களை விலக்கிக்கொண்டு வெளியேறப் பார்க்கும். பயிருக்குப் பகை என்று மட்டுமே நாம் அதை எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அதன் உடலமைப்பை அறிந்துகொண்டால், அதைக் கட்டுப்படுத்தும் வழியும் விளங்கும்.

பாட்டு காட்டிக் கொடுத்தது

பிள்ளைப்பூச்சி, சில்வண்டின் உறவுப் பூச்சி. ஐரோப்பாவில் பரவலாக உள்ள இனத்தைச் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், 1970இல், பிரித்தானிய விலங்கியலாளர் பெனட்-கிளார்க் தென்மேற்குப் பிரான்ஸில் வேறொரு இனம் இருப்பதை எடுத்துக் காட்டினார். பார்வைக்கு இரண்டும் மிகவும் ஒத்தவை. வேறுபாட்டைப் பளிச்சென்று காட்டியது அவற்றின் பாட்டு.

பழைய இனம் பாடும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 1600 அதிர்வுகள் உண்டாகின்றன. புதிய இனத்தின் பாட்டிலோ ஏறத்தாழ 3500 அதிர்வுகள். அதாவது அதன் குரல் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது, தெளிவானது. உடலமைப்பிலும் வேறுபாடுகள் இருப்பது ஆராய்ந்தபோது தெரிந்தது. புதிய இனத்துக்குக் கிரில்லோதல்பா வினியே என்று பெயர் வைத்தார்கள். முதற்சொல் சில்வண்டையும், மண்ணைத் தோண்டி வாழும் அகழெலியையும் சேர்த்துக் குறிக்கும். இரண்டாவது சொல்லின் பொருள் முந்திரிகைத் தோட்டம் என்பதாகும்.

உடலைப் பார்ப்போம்

இங்கே சொல்லப்படும் உறுப்புகள் எமது பிள்ளைப்பூச்சிக்கும் பொதுவானவை. ஒன்றைப் பிடித்துவைத்துப் பார்த்துக்கொண்டே வாசிக்கலாம்.

முன்கால்கள்: இவைதான் அதன் மண்வெட்டி. குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு வலிய பற்கள் உண்டு. அவற்றின் அருகே, பாதத்தின் முதல் இரண்டு கணுக்களிலும் கூரிய அலகுகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து கத்தரிக்கோல் போல இயங்கும். மண்ணுக்குள் வேர் குறுக்கிட்டால் நறுக்கிவிடும். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே.

மார்புக் கவசம்: தலைக்குப் பின்னால் முட்டை வடிவில் பெரிய கவசம் ஒன்று உண்டு. தோண்டிய மண்ணை இதனால் அழுத்திச் சுரங்கத்தின் சுவரை இறுக்குகிறது. உடலெங்கும் பட்டுப் போன்ற நுண்மயிர் மூடியிருக்கும்.

பின்கால்கள்: வெட்டுக்கிளிக்கு இருப்பதைப் போல நீண்டு பருத்தவை அல்ல. ஆகவே இது பெரிதாகப் பாய்வதில்லை.

காது: தலையில் இல்லை. முன்காலில், முழங்காலுக்குக் கீழே, சிறு பிளவாக இருக்கிறது.

இறகுகள்: மேலிறகுகள் குட்டையானவை. ஆணின் ஓர் இறகின் அடியிலுள்ள நரம்பில் அரம் போன்ற பல்வரிசை இருக்கிறது. மற்ற இறகின் விளிம்பு அதன்மேல் உராயும்போது இறகின் மெல்லிய பகுதி அதிர்ந்து ஒலி எழும்புகிறது. கீழிறகுகள் நீளமானவை, மடிந்து வால் போல் பின்னே நீண்டிருக்கும். இரவில் பறந்து விளக்கைத் தேடி வருவது இவற்றால்தான்.

வால் நுனி: இங்குள்ள இரண்டு நீண்ட இழைகளும் தொடுகையை உணரும் உறுப்புகள். “பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்தாற் போல” என்பது பழமொழி. எம் முன்னோர் சரியாகவே பார்த்திருக்கிறார்கள்: இதற்குக் கொடுக்கே இல்லை.

வளையே ஒலிபெருக்கி

புதிய இனத்தின் ஆண், பாடுவதற்கென்றே தனி வளை அமைக்கிறது. அதற்கு நிலமட்டத்தில் இரண்டு வாய்கள் உண்டு. ஒவ்வொன்றும் கோயில் ஒலிபெருக்கியின் குழல் போல உள்ளே ஒடுங்கி வெளியே விரிந்திருக்கும். குழல்கள் சேரும் ஒடுக்கமான இடத்தில், தலையை உள்ளேயும் வாலைக் குழலின் பக்கமும் வைத்து நின்று பாடுகிறது. சுவரை வழுவழுப்பாக்கி வைப்பதால் ஒலி வீணாவது குறைவு. காற்றில்லாத இரவில் இப்பாட்டு சுமார் 600 மீற்றர் தூரம் வரை கேட்கும். பெண்பூச்சி அந்த ஒலியைக் கேட்டே பறந்து வருகிறது. பழைய இனத்தின் வளை பெரியது, சுவர் கரடுமுரடானது. அதன் பாட்டு இத்தனை பலமானதல்ல.

எமது பக்கத்திலும் இவ்வாறான குழப்பம் இருந்தது. ஆசியாவின் பிள்ளைப்பூச்சியை ஆபிரிக்க இனத்தின் பெயராலேயே நீண்டகாலம் எழுதிவந்தார்கள். ஆபிரிக்க இனம் வேறு என்பது 1983இல் வெளிவந்த ஆய்விலேயே தெளிவாயிற்று.

எமது நாற்றுமேடையில்

பிறர் காணியில் நாற்றுமேடை போடுபவருக்கும், நெடுநாள் தரிசாய்க் கிடந்த சொந்தக் காணிக்குத் திரும்பியவருக்கும், ஒரு மேடை அழிவது சிறிய இழப்பல்ல. கடனுக்கு வாங்கிய விதையும் அதனோடு போய்விடும். மேலே பார்த்த உடலமைப்பே நாம் செய்யவேண்டியதைச் சொல்லித் தருகிறது.

• இது மண்ணுக்குள் வாழும் பூச்சி. மேடையில் தண்ணீர் தேங்கவிட்டால் வெளியே வரும். அப்போது கையால் பொறுக்கி அழிக்கலாம்.

• வயலை மட்டப்படுத்தி எங்கும் ஒரே அளவில் நீர் நிறுத்தினால், வயலினுள் தங்கமாட்டாது, வரம்புகளில் ஒதுங்கும். ஆகவே வரம்புகளைக் கவனித்துத் திருத்துங்கள்.

• இது விளக்கை நாடிப் பறக்கும். இரவில் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தின் மேல் விளக்கொன்றைத் தொங்கவிட்டால் அதில் விழும்.

• ஈரமண்ணில் விரல் பருமனில் கோடாகப் புடைத்திருந்தால் அதுவே அதன் பாதை. காலையில் அப்பாதை வழியே தோண்டிப் பாருங்கள்.

ஒன்றிரண்டு பூச்சிகளைக் கண்டவுடன் பூச்சிநாசினிக்குப் பணம் செலவிட வேண்டாம். பிள்ளைப்பூச்சி வேரை மட்டுமன்றி, மண்ணிலுள்ள வேறு பூச்சிகளையும் புழுக்களையும் தின்கிறது. சேதம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

பிரான்ஸில் ஒரு புதிய இனத்தை வேறுபிரித்து அறிய உதவியது பொறுமையாகக் கேட்ட காது. இரவில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டும் கமக்காரருக்கு அந்தக் காது ஏற்கெனவே உண்டு. எந்த மூலையில், எந்த நேரத்தில் இப்பூச்சி பாடுகிறது என்று கவனித்து வையுங்கள். பிள்ளைகளையும் கவனிக்கச் செய்யுங்கள். அடுத்த நாற்றுமேடையை எங்கே போடக்கூடாது என்று அந்தப் பாட்டே சொல்லிவிடும்.