மாடி அறையில் நெட் ஏன் சுற்றுகிறது?

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிறவருக்கு எப்போதும் அவசரம். அன்றைக்கே இன்னும் மூன்று நான்கு வீடுகள் பாக்கி இருக்கும். தெருக் கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து, ஜன்னல் ஓரம் சுவரில் ஒரு துளை போட்டு, உள்ளே கைக்கு எட்டிய இடத்தில் வைஃபை ரூட்டர் பெட்டியை மாட்டிவிடுவார். தமிழ்நாட்டு வீடுகளில் அந்த இடம் பெரும்பாலும் வாசல் பக்கம்தான். மெயின் போர்டுக்குப் பக்கத்தில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, சில வீடுகளில் டிவி ஷோகேஸுக்குள். பெட்டிக்கு அருகில் நின்றபடியே தன் செல்போனில் வேகத்தைச் சோதித்துக் காட்டுவார். முள் தொண்ணூறைத் தாண்டும். வீட்டுக்காரருக்கும் திருப்தி. அன்று ராத்திரி மாடி அறையில் மகள் பாட வீடியோவைத் திறக்கும்போதுதான் வட்டம் சுற்றத் தொடங்கும்.

உடனே கஸ்டமர் கேருக்குப் போன். "லைன் நல்லாத்தான் சார் இருக்கு" என்று பதில் வரும். பல நேரங்களில் அது உண்மையும்கூட. வீட்டு வாசல் வரை வரும் இணையம் வேறு, வீட்டுக்குள் பரவும் வைஃபை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, லேப்டாப்பை லேன் கேபிளால் பெட்டியில் நேரடியாகச் செருகி வேகம் பார்த்தால் போதும். கேபிளில் 95 எம்பிபிஎஸ் வந்து மாடியில் 8 வந்தால், கோளாறு கம்பெனியில் இல்லை, சுவரில் இருக்கிறது. கேபிளிலேயே 8தான் வருகிறது என்றால் தாராளமாகச் சண்டை போடலாம்.

சுவர் என்றால் சாதாரணச் சுவர் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளின் உட்சுவர், மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்தது. வைஃபை அலை அதை அவ்வளவாகச் சட்டை செய்யாது. இங்கே வெளிச்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல், உட்சுவர் நாலரை அங்குலம், தலைக்கு மேல் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் இன்னும் தடிமன், அதிலும் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ரூட்டர் அட்டைப்பெட்டியில் 'இத்தனை சதுர அடிக்குப் போதும்' என்று அச்சிட்டிருக்கும் கணக்கு இந்த வீடுகளைப் பார்த்துப் போட்டதல்ல.

எதுவுமே குறுக்கே இல்லாத வெட்டவெளியில்கூட, தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலு கால்வாசியாகிவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு சுவரும் தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி ஆகியவை அலையைத் திருப்பி அடிக்கின்றன. கண்ணாடியின் பின்னால் பூசியிருப்பது உலோகம் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மீன் தொட்டியில் இருக்கும் தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்கிறது. டிவிக்குப் பின்னால் செருகிவைத்த பெட்டி, அலை ஒரு சுவரைத் தொடுவதற்கு முன்பே உலோகத் தகட்டோடு மல்லுக்கு நிற்கிறது.

அலை சுவரில் பட்டுத் திரும்புவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே செய்தி நேராக ஒரு முறை, சுவரில் மோதிச் சற்றுத் தாமதமாக இன்னொரு முறை என்று பல பிரதிகளாக வந்து ஒன்றோடொன்று குழம்பும். ஆஸ்திரேலிய அரசின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவனும் அவரது குழுவினரும் 1990களில் இந்தக் குழப்பத்தைச் சமாளிக்க ஒரு வழி கண்டார்கள். 1996ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஓ'சல்லிவன் அதற்கு முன் வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளின் ரேடியோ அலைகளைத் தேடிக்கொண்டிருந்தவர். கருந்துளை அகப்படவில்லை. ஆனால் அந்தத் தேடலில் பழகிய கணிதம் பின்னாளில் வீட்டு வைஃபையின் வேகத்துக்குக் கைகொடுத்தது.

பெரும்பாலான பெட்டிகள் பேசுவது இரண்டு அலைவரிசைகளில். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு துளைக்கும், ஆனால் வேகம் குறைவு. 5 ஜிகாஹெர்ட்ஸ் நல்ல வேகம், ஆனால் ஒரு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். இந்தியாவில் 2.4ஐ உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005லும், 5ன் பெரும்பகுதியை அப்படியே 2018லும் அரசு திறந்துவிட்டது. யாரும் பயன்படுத்தலாம் என்பதால் 2.4ல் எப்போதும் கூட்டம். பக்கத்து வீட்டு ரூட்டர், புளூடூத் எல்லாம் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுவதும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான். அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு தளத்துக்கு எட்டு வீடு என்றால், அந்த மூன்றைத்தான் எல்லோரும் பங்குபோட வேண்டும். மாதம் 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டுகிறவரின் வீட்டில் 2.4 மட்டுமே உள்ள பழைய பெட்டி மாட்டியிருந்தால், அவர் கட்டும் பணத்தில் பாதி வீண். பெட்டியை மாற்றித் தரும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

'முழு டவர் காட்டுது, ஆனா ஓடல' என்ற புகாருக்கும் காரணம் உண்டு. இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கக்கூட செல்போன் ரூட்டரிடம் திரும்பிப் பேசியாக வேண்டும். செல்போனின் ஆன்டெனா சிறியது, பேட்டரியைக் காப்பாற்ற அது அடக்கித்தான் பேசும். மேடையில் மைக் பிடித்தவர் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும், கடைசி வரிசையில் இருப்பவர் எழுந்து கத்தினாலும் மேடைக்குக் கேட்காது. எட்டு ஆன்டெனாவோடு சிலந்திக் கணக்காக நிற்கும் பெரிய ரூட்டரை வாங்கியும் பின் அறையில் ஏமாறுகிற பலரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

டவர்க் கோடுகளை நம்புவதைவிட எண்ணைப் பார்ப்பது நல்லது. ஆண்ட்ராய்டு போன்களில் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் சிக்னலை டிபிஎம் என்ற அளவில் காட்டும். எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். பெட்டிக்குப் பக்கத்தில் மைனஸ் 35, அடுத்த அறையில் மைனஸ் 55 என்று வரும். மைனஸ் 67 வரை வீடியோ கால் தடங்கலில்லாமல் ஓடும். மைனஸ் 80க்குப் போய்விட்டால் வாட்ஸ்அப் செய்தி போவதே பாடு. ஒவ்வொரு 10 எண்ணும் இறங்கும்போது வலு பத்தில் ஒரு பங்காகிறது என்பதால், சின்ன வித்தியாசமும் சின்னதல்ல. செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால் குற்றவாளிச் சுவர் எது என்று தெரிந்துவிடும்.

இனி சிகிச்சை. காசே செலவில்லாதது, பெட்டியை நகர்த்துவது. வாசல் மூலையில் இருந்து அது பரப்பும் அலையில் பாதி தெருவுக்குப் போகிறது. வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். ஃபைபர் கேபிளை ஹால் நடுவரை கொண்டுவரச் சொல்லலாம். அது கண்ணாடி இழை என்பதால் சுவர் மூலையில் சட்டென்று மடிக்காமல் வளைத்துக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். ஆன்டெனாவிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மாடிக்கு சிக்னல் போகட்டும் என்று குச்சிகளை நிமிர்த்தி வைப்பார்கள். குச்சியின் நுனி பார்க்கும் திசையில்தான் அலை மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் அது பரவும். மாடி அறைக்கு வேண்டுமென்றால் ஒரு குச்சியைப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டும்.

நகர்த்தியும் எட்டவில்லை என்றால் கடைக்காரர் முதலில் நீட்டுவது எக்ஸ்டெண்டரை. பிளக்கில் செருகும் இந்தச் சின்னக் கருவி, வாங்கிய சிக்னலைத் திரும்ப ஒலிபரப்புகிறது. கேட்பதும் சொல்வதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சிக்னலே வராத அறையில் அதைச் செருகுவதால் பயனில்லை. இன்னும் நல்ல சிக்னல் இருக்கும் நடுவழியில்தான் செருக வேண்டும். மெஷ் என்று இரண்டு மூன்று பெட்டிகளாக வருவது இதைவிடத் தேவலை. வீடு முழுக்க ஒரே பெயர், நடந்துகொண்டே பேசினாலும் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு போன் மாறிக்கொள்ளும். ஆனால் மெஷ் பெட்டிகளும் வயரில்லாமல் பேசிக்கொண்டால் அதே கான்கிரீட் தளத்தைத்தான் துளைத்தாக வேண்டும்.

கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: வயரில்லா இணையத்துக்கு நல்ல மருந்து வயர்தான். கீழ்வீட்டுப் பெட்டியிலிருந்து மாடிக்கு ஒரு கேட் 6 லேன் கேபிள் இழுத்து, அதன் முனையில் இன்னொரு ரூட்டரை வைத்தால் மாடிக்கும் கிட்டத்தட்ட முழு வேகம். 5 ஜிகாஹெர்ட்ஸும் உள்ளதாக இருந்தால், பரணில் தூங்கும் பழைய ரூட்டரே இதற்குப் போதும். அதன் ஐபி எண்ணை மெயின் பெட்டியின் எண்ணோடு மோதாதபடி மாற்றி, ஐபி எண்களை வழங்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருக வேண்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழ்வீட்டில் இருப்பதே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்.

கேபிள் வாங்கும்போது கவனம் தேவை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும், முழுச் செம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டாலும் 1,000 எம்பிபிஎஸ் ஓட வேண்டிய கேபிள் 100க்கு இறங்கிவிடக்கூடும். நெட் வருகிறதே என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பழைய வீட்டில் கேபிளுக்குச் சுவரை உடைக்க மனம் வராது, சுவர் மேலே பிவிசி கேசிங் அடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் எலக்ட்ரீஷியன் பைப் பதிப்பார். மின்சார வயர் போகும் பைப்பிலிருந்து தள்ளி, ஒவ்வொரு தளத்தின் நடுக்கூரை வரை லேன் கேபிளுக்கென்று தனியாக ஒரு பைப் போடும்படி அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.