எல்லோரும் நம்மையே பார்க்கிறார்களா?

சட்டையில் குழம்பு சிந்திவிட்டால், தெருவே நம்மைப் பார்ப்பதுபோல் கூசுகிறதே, ஏன்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் சகாக்களும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாடகர் பாரி மனிலோவின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, ஒரு மாணவர் மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போக வேண்டும். அந்த வயதினருக்கு அது மானம்போகிற சட்டை. ஏறக்குறைய பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்களோ கால்வாசிப் பேர்தான்.

நம் கறை நமக்குக் கண்ணெதிரே பெரிதாக நிற்கிறது. அதை வைத்தே பிறர் பார்வையையும் அளக்கத் தொடங்குகிறோம். பிறகு கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் போதுமான அளவு குறைப்பதில்லை. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். அடுத்த முறை கூச்சம் வந்தால், பக்கத்து வீட்டுக்காரர் நேற்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று நினைத்துப் பாருங்கள்.